சிசிடிவி பதிவில் கோளாறு: கோஆக்ஸா, வைஃபையா, பிஓஇயா?

கேமரா வாங்கப் போனால் எத்தனை மெகாபிக்சல், இரவில் கலர் தெரியுமா என்றுதான் பேச்சு போகும். கடைத் திரையில் எல்லாமே பளிச்சென்றுதான் இருக்கும். பதிவு கெடும்போது கோளாறு எங்கே என்று நாமே கண்டுபிடிக்க முடிகிறதா? நான் அதைத்தான் பார்ப்பேன். எங்கள் வீட்டில் கோஆக்ஸ் கேமராக்களின் பதிவுப் பெட்டியான பழைய டிவிஆரை எடுத்துவிட்டு, லேன் கேபிளிலேயே மின்சாரமும் பெறும் பிஓஇ கேமராவும் அதற்கான பதிவுப் பெட்டியான என்விஆரும் போட்டதற்கும் அதுதான் காரணம்.

வைஃபை கேமரா வாடகை வீட்டுக்குச் சரி. ஆனால் இரண்டு கான்கிரீட் சுவர் தாண்டினால் சிக்னல் தளர்ந்துவிடும். பதிவு எஸ்டி கார்டில் என்றால் இன்னொரு தொல்லை. நொடிக்கு 2 மெகாபிட் அளவில் ஓயாமல் பதிந்தால் நாளுக்கு 21 ஜிபிக்கு மேல் ஆகும். 128 ஜிபி கார்டு ஆறு நாளில் நிரம்பி, பழையதன் மேலேயே எழுதிக்கொண்டு போகும். சாதாரண கார்டு இதில் சீக்கிரம் தேய்ந்துவிடும். நேரலை நன்றாக ஓடும், தேவையான நேரத்துப் பதிவு மட்டும் இருக்காது. ஓயாமல் எழுதினாலும் தாங்கும் ஹை எண்டியூரன்ஸ் கார்டு போடுவது நல்லது. வைஃபை கேமராவைத் தங்கை வீட்டில் மட்டுமே பார்த்திருக்கிறேன், அதனால் இதற்கு மேல் தீர்ப்புச் சொல்லமாட்டேன்.

கோஆக்ஸ் (கேபிள் டிவி கம்பி போன்ற கம்பியில் படம் வரும் பழைய வகை) விலை குறைவு, ஆள் எளிதில் கிடைப்பார்கள். சிக்கல் என்னவென்றால், படம் ஒரு கம்பியில், 12 வோல்ட் மின்சாரம் இன்னொரு கம்பியில். பகலில் ஒழுங்காக ஓடும் கேமரா இருட்டியதும் விட்டு விட்டு அணைகிறதா? முதலில் மின்சாரத்தைச் சந்தேகப்படுங்கள். இருட்டில் படம் தெரிவதற்கான இன்ஃப்ராரெட் விளக்கு எரியும்போது கேமரா கூடுதல் கரண்ட் இழுக்கும், நீளமான மெல்லிய கம்பியில் வோல்ட் இறங்கிவிடும். எஸ்எம்பிஎஸ் (12 வோல்ட் தரும் பவர் சப்ளை பெட்டி) பக்கம் அளந்தால் 12 சரியாகவே காட்டும். இரவில், கேமரா முனையில் அளக்க வேண்டும். அதாவது ஏணி, மல்டிமீட்டர், கூடவே ஒரு ஆள். பிஎன்சி (கோஆக்ஸ் கம்பியைச் செருகும் முனை) தளர்ந்திருந்தாலும் டிவிஆர் காட்டுவது அதே 'வீடியோ லாஸ்' தான்.

பிஓஇயில் படமும் மின்சாரமும் ஒரே லேன் கேபிளில் போகின்றன. சுமார் 48 வோல்ட் என்பதால் கம்பியில் ஏற்படும் இழப்பு அவ்வளவாகப் பாதிக்காது. 100 மீட்டர் வரை இழுக்கலாம். கோளாறைத் தேடும் வழியும் நேரானது. எச்.265 என்ற வீடியோ சுருக்க முறையில் முழுப் படம் சில நொடிக்கு ஒருமுறைதான் வரும், நடுவில் வருவது மாற்றங்கள் மட்டும். வழியில் டேட்டா கொஞ்சம் தொலைந்தால் முகம் கட்டம் கட்டமாகச் சிதறி, அடுத்த முழுப் படம் வந்ததும் தெளிந்துவிடும். அப்படி வந்தால் முதலில் லேன் கேபிளைச் செருகும் ஆர்ஜே45 முனையைப் பாருங்கள், மழைத்தண்ணீர் இறங்கியிருக்கலாம். அடுத்து என்விஆரில் போர்ட்டை மாற்றிச் செருகுங்கள். அதிலும் போகவில்லையென்றால் கேமராவைக் கழற்றி, என்விஆர் பக்கத்திலேயே ஒரு சின்னக் கேபிளில் மாட்டுங்கள். இப்போது படம் சரியென்றால் பழுது சுவருக்குள் போகும் கேபிளில், இல்லையென்றால் கேமராவில். நேரலை சுத்தமாக இருந்து பதிவு மட்டும் திக்கினால் ஹார்டு டிஸ்க்கைச் சோதியுங்கள். டெஸ்க்டாப் டிஸ்க்கைப் போட்டு ஒப்பேற்றாமல், 24 மணி நேரமும் எழுதுவதற்கென்றே வரும் சர்வைலன்ஸ் டிஸ்க்காக வாங்குங்கள்.

கேபிளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அலுமினியத்தில் செம்பு பூசிய கேபிள் மலிவாகக் கிடைக்கும். அதில் மின்தடை அதிகம், முனையில் எளிதில் ஒடியவும் செய்யும். முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள்.

பிஓஇக்குச் செலவு கூடத்தான் ஆகும். இடி மின்னலை எவ்வளவு தாங்கும் என்பதற்கு என்னிடம் இன்னும் அனுபவம் இல்லை. சுவருக்குள் கோஆக்ஸ் ஏற்கெனவே ஓடி, படமும் பரவாயில்லை என்றால் உடைத்து மாற்றச் சொல்லமாட்டேன். எஸ்எம்பிஎஸ்ஸையும் பிஎன்சி முனைகளையும் புதிதாகப் போட்டுப் பாருங்கள். புது வீடு கட்டுகிறவர்கள் மட்டும் பூச்சுக்கு முன்பே ஒவ்வொரு கேமரா இடத்துக்கும் தனி லேன் கேபிள் இழுத்துவிடுங்கள்.