கடல்பசு – கடல் அட்டை ஒப்பீட்டுச் சார்ட்: வாங்கலாம், நாலு இடத்தில் திருத்திவிட்டு

ராமநாதபுரம், மண்டபம் பக்கத்து ஸ்டேஷனரி கடைகளில் கிடைக்கும் இந்தச் சுவர்ச் சார்ட், நம் கடலின் இரண்டு உயிர்களை வகைப்பாடு, வாழிடம், பாதுகாப்பு நிலை என்று எதிரெதிரே வைக்கிறது. அருமையான தேர்வு. எழுத்தும் கடைசி பெஞ்சு வரை தெரிகிறது.

பெரிய பிழை வகைப்பாட்டில். பெயரில் ‘அட்டை’ இருப்பதை நம்பி, கடல் அட்டையை மண்புழு, ரத்தம் உறிஞ்சும் அட்டை அடங்கிய வளைதசைப்புழுக்களில் சேர்த்துவிட்டார்கள். அது முட்தோலி, நட்சத்திர மீனுக்குச் சொந்தம். ஐந்தாகப் பிரியும் உடலமைப்பு, குழாய்க்கால்கள், தோலுக்குள் சுண்ணாம்புத் துணுக்குகள்: இந்த மூன்றையும் ஓரத்தில் எழுதி வையுங்கள். கடல்பசு, அதாவது நம் மீனவர்கள் சொல்லும் ஆவுளியா, சைரீனியா வரிசைப் பாலூட்டி என்பது சரி. படத்தில்தான் மூக்குத் துளையைத் திமிங்கிலம் போல உச்சந்தலையில் போட்டிருக்கிறார்கள். அது மூஞ்சியின் நுனியில் இருக்க வேண்டும்.

கடல்பசுவின் உணவு ‘கடற்பாசி’ என்று அச்சாகியிருக்கிறது. மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்ற கடற்பாசிகளை எடுக்கும் கரையில் இதை விடவே கூடாது. ஆவுளியா தின்பது கடற்புல். வேரும் பூவும் உள்ள தாவரம், வேரோடு பிடுங்கித் தின்னும். கடல் அட்டையில் ஒரு வகையான வெள்ளை அட்டையின் இளம்பருவம் வந்து ஒட்டுவதும் அதே கடற்புல்லின் இலையில்தான். வளர்ந்தபின் சேற்று மணலில் புதைந்து, மணலை விழுங்கி அதிலுள்ள சத்தை எடுத்துக்கொள்ளும். இழுவை மடி (கடலடியில் இழுத்துச் செல்லும் வலை) அந்தப் புல்லைக் கிழித்தால் இரண்டுக்குமே அடி. உறவில்லாத இரண்டையும் ஒரே தாளில் வைக்க இதைவிட என்ன நியாயம் வேண்டும்? சார்ட்டில் இதற்கு ஒரு வரி இல்லை.

பாதுகாப்பு நிலையில் இரண்டுக்கும் ‘அழியும் இனம்’ என்று ஒரே சொல். உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் (IUCN) செம்பட்டியலில் கடல்பசு ‘அழிவாய்ப்பு இனம்’. வெள்ளை அட்டை அதைவிட ஒரு படி மோசமான ‘அருகிய இனம்’. சட்டத்தின் அட்டவணை தனிக் கணக்கு: 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் கடல் அட்டைகள் வந்தது 2001இல். காரணங்களும் வேறு. கடல்பசு 3 முதல் 7 ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும். வலையில் மூச்சுமுட்டிச் சாகும் ஒன்றை ஈடுகட்ட வெகுகாலம் ஆகும். அட்டையோ முட்டையையும் விந்தையும் நீரில் விடுவது. அவித்துக் காயவைத்து விற்க அள்ளி, அங்கொன்று இங்கொன்றாக ஆகிவிட்டால் அவை சந்திக்காமலே போகும்.

மேலும் கீழும் உள்ள தகரப் பட்டை உப்புக்காற்றில் துருப்பிடித்துத் தாளைக் கறையாக்கும். வாங்கியதும் கழற்றிவிட்டு மூங்கில் குச்சி ஒட்டுங்கள். பிளாஸ்டிக் பூச்சின் மேல் பேனா மை நிற்காது, திருத்தங்களுக்கு பெர்மனென்ட் மார்க்கர் எடுங்கள்.