எக்செல்லில் இரண்டு ஜன்னல்: 2பி ஒப்பிடும் வேலையில் என் அனுபவம்

நமக்கு விற்றவர்கள் ஜிஎஸ்டியில் பதிந்த பில்களின் பட்டியல்தான் ஜிஎஸ்டிஆர்-2பி; மாதாமாதம் 14ஆம் தேதி அது வந்துவிடும். 20ஆம் தேதிக்குள் மாத வரிக் கணக்கான 3பி தாக்கல் செய்ய வேண்டும். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதும் எங்களுக்கு அந்த ஆறு நாளும் ஒரே வேலைதான். நம் பர்ச்சேஸ் ரிஜிஸ்டரில் உள்ள பில்கள் 2பியில் வந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 2022 ஜனவரியிலிருந்து, 2பியில் வராத பில்லுக்கு உள்ளீட்டு வரி எடுக்க முடியாது, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழிக்க முடியாது. அதனால் விட்டுப்போகும் ஒவ்வொரு பில்லும் முதலாளியின் கைக்காசு.

ஒரு பட்டியலில் உள்ளதை இன்னொன்றில் தேடித் தரும் விலுக்அப் பார்முலா போட்டால் போதுமே என்று கேட்பீர்கள். பாதி வேலையை அது முடித்துவிடும், மறுக்கவில்லை. ஆனால் நூல் மில்லின் பில்லில் '0045/24-25' என்று இருக்கும், நம் ஆள் '45' என்று பதிந்திருப்பார். சாயப்பட்டறை பில்லில் தேதி ஒரு நாள் முன்னே பின்னே இருக்கும். ஜாப் ஒர்க் பில் ஒன்றை நாம் இரண்டாகப் பிரித்துப் பதிந்திருப்போம். பார்முலா இதையெல்லாம் 'இல்லை' என்று தள்ளிவிடும். மிச்சத்தைக் கண்தான் பிடிக்க வேண்டும், அதற்கு இரண்டு பட்டியலும் ஒரே நேரத்தில் திரையில் தெரிய வேண்டும். கீழே உள்ள தாவல்களை மாற்றி மாற்றிச் சொடுக்கினால், ஒரு ஷீட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்குள் பில் எண் மறந்துவிடும்.

பலரும் ஃப்ரீஸ் பேன்ஸோடு நின்றுவிடுகிறார்கள். தலைப்பும் ஜிஎஸ்டி எண்ணும் நகராமல் நிற்க அது போதும். 2பி கோப்பில் பில்கள் இருக்கும் பி2பி ஷீட்டில் நெடுவரிசைகள் வலப்பக்கம் நீண்டுகொண்டே போகும், ஃப்ரீஸ் இல்லாமல் அதைப் படிக்கவே முடியாது. ஒரே ஒரு கவனம் வேண்டும்: திரையைக் கொஞ்சம் கீழே தள்ளிவிட்டு ஃப்ரீஸ் செய்தால், மேலே ஒளிந்த வரிசைகளை அன்ஃப்ரீஸ் செய்யும்வரை பார்க்க முடியாது.

ஸ்ப்ளிட் வேறு வகை. ஒரே ஷீட்டைத் திரையில் இரண்டாகவோ நான்காகவோ பிரித்துக் காட்டும். ஆல்ட் அழுத்திவிட்டு டபிள்யூ, எஸ் தட்டினால் வந்துவிடும். ஒரே சப்ளையரின் ஏப்ரல் பில்லையும் மார்ச் பில்லையும் மேலும் கீழுமாக வைத்துப் பார்க்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. எஃப்6 தட்டினால் ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குப் போகலாம். இந்த யோசனை இன்று நேற்று வந்ததல்ல. 1979இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்த விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருளிலேயே திரையை இரண்டாகப் பிரிக்கும் கட்டளை இருந்தது, இரண்டையும் சேர்த்து நகர்த்தவும் தனித்தனியாக நகர்த்தவும் முடிந்தது. அதில் இருந்ததே 254 வரிசைகள்தான். அவ்வளவு சின்னத் தாளுக்கே அது தேவைப்பட்டது என்றால், பத்து லட்சத்துக்கும் மேல் வரிசை உள்ள இன்றைய எக்செல்லுக்குச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் ஸ்ப்ளிட்டில் இரண்டு வேறு ஷீட்டைக் காட்ட முடியாது. அங்கேதான் நியூ விண்டோ வருகிறது. ஆல்ட், டபிள்யூ, என். அதே கோப்பு இன்னொரு ஜன்னலில் திறக்கும். நகல் அல்ல, அதே கோப்புதான். ஒன்றில் திருத்தினால் மற்றதிலும் உடனே மாறும். நான் ரிஜிஸ்டரையும் 2பியையும் ஒரே கோப்பில் இரண்டு ஷீட்டாக வைத்துவிடுவேன். ஒரு ஜன்னலில் இது, இன்னொன்றில் அது. அப்புறம் இரண்டு ஜன்னலையும் திரையில் சேர்த்துக் காட்டும் வியூ சைட் பை சைட்.

சின்ன லேப்டாப்பில் இடதும் வலதுமாக வைப்பதைவிட மேலும் கீழுமாக வைப்பதே எனக்குச் சரிப்படுகிறது. ஜிஎஸ்டி எண்ணிலிருந்து வரித்தொகைவரை ஒரே பார்வையில் தெரிய வேண்டும், அதற்கு அகலம்தான் முக்கியம். கன்ட்ரோல் எஃப்1 தட்டி மேலே உள்ள ரிப்பனை மடக்கிவிட்டால் இன்னும் சில வரிசைகள் கிடைக்கும்.

சிங்க்ரனஸ் ஸ்க்ரோலிங் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதில்தான் வெறுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். ஒரு ஜன்னலை நகர்த்தினால் மற்றதும் அதே அளவு நகரும், அவ்வளவுதான் அதன் வேலை. எந்த பில்லுக்கு எந்த பில் என்று அதற்குத் தெரியாது. அதனால் முதலில் இரண்டு ஷீட்டையும் ஜிஎஸ்டி எண்படியும் அதற்குள் தேதிப்படியும் வரிசைப்படுத்துங்கள். இப்போது இரண்டும் ஒன்றாக இறங்கும். ஒரு பக்கம் ஒரு பில் இல்லாத இடத்தில் ஒரு வரிசை பிசகும். எனக்கு அந்தப் பிசகுதான் தேவை: விடுபட்ட பில் அங்கேதான் இருக்கிறது. அதைக் குறித்துக்கொண்டு, சிங்க்கை அணைத்து, ஒரு ஜன்னலை மட்டும் ஒரு வரிசை தள்ளி, மறுபடி போட்டுவிடுவேன். பழகிவிட்டால் கை தானாகச் செய்யும்.

பில் தொகையைக் குறைத்து சப்ளையர் தரும் கிரெடிட் நோட்டு தனி ஷீட்டில் இருப்பதால் சில மாதம் மூன்றாவது ஜன்னலும் திறப்பேன். மொத்தத் தொகையை மட்டும் கண்ணில் வைத்துக்கொள்ள அதுகூட வேண்டாம், பார்முலாஸ் பட்டியில் உள்ள வாட்ச் விண்டோ போதும். வித்தியாசம் காட்டும் செல்லை அதில் சேர்த்துவிட்டால், எந்த ஷீட்டில் திருத்தினாலும் அது குறைவது தெரிந்துகொண்டே இருக்கும்.

கூகுள் ஷீட்ஸில் ஃப்ரீஸ் உண்டு, ஸ்ப்ளிட் இல்லை. அதே ஷீட்டை இரண்டு பிரௌசர் ஜன்னலில் திறந்து வைத்துச் சமாளிக்கலாம், சேர்ந்து நகராது. லிப்ரே ஆபீஸ் கால்க்கில் ஸ்ப்ளிட்டும் நியூ விண்டோவும் இருக்கின்றன, இலவசமும் கூட.

எக்செல் 2016 பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. புதிதாகத் திறக்கும் ஜன்னலுக்கு ஃப்ரீஸ் கூடவே வராது, அங்கே தனியாகப் போட வேண்டும். வேலை முடிந்ததும் தலைப்பில் 2 என்று இருக்கும் ஜன்னலை முதலில் மூடிவிட்டு, அதன் பிறகு சேமியுங்கள். 1ஐ மூடி 2ஐ வைத்துச் சேமித்தால், பழைய ஃப்ரீஸ் அமைப்பு போய்விடும். இரண்டும் திறந்த நிலையில் சேமித்து ஆடிட்டருக்கு அனுப்பினால், அவர் கணினியிலும் இரண்டு ஜன்னலாகவே திறக்கும்.