பிளேட்ஸ் இன் த டார்க்: உதவிக்கும் விலை உண்டு

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாக விளையாடும் டேபிள்டாப் ரோல்பிளே விளையாட்டுகளில் எனக்கு எரிச்சல் மூட்டும் விஷயம், யாராவது பகடையைக் கையில் எடுத்ததும் பக்கத்திலிருந்து வரும் "நானும் ஹெல்ப் பண்றேன்". டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பிரபல விளையாட்டின் 5ஆம் பதிப்பில் பெரும்பாலும் அது போதும், உதவி பெறுகிறவர் 2 பகடை உருட்டிப் பெரியதை வைத்துக்கொள்வார். உதவியவருக்குக் கைநஷ்டம் எதுவும் இல்லை, அதனால் ஒவ்வொரு ரோலுக்கும் இதே பாட்டுதான்.

ஜான் ஹார்ப்பர் எழுதி 2017இல் வந்த பிளேட்ஸ் இன் த டார்க், திருட்டுக் கும்பல்களைப் பற்றிய விளையாட்டு. இதில் உதவ வேண்டுமென்றால் என்ன செய்கிறாய் என்று சொல்ல வேண்டும், 1 ஸ்ட்ரெஸ் (கதாபாத்திரத்தின் மன அழுத்தக் கணக்கு) ஏற்க வேண்டும், காரியம் கெட்டால் நீயும் சேர்ந்து மாட்டலாம். ஒரு ரோலுக்கு ஒருவர்தான் உதவ முடியும். ஸ்ட்ரெஸ் கட்டங்கள் மொத்தமே 9 என்பதால் அந்த 1 வலிக்கும். இன்னொரு நுணுக்கம்: தம் கட்டித் தனியாக ஒரு பகடை கூட்டிக்கொள்ள 2 ஸ்ட்ரெஸ், கூட்டாளி தந்தால் அவருக்கு 1தான். ஆள் கூப்பிடுவது பாதி விலை, யாரும் ஒற்றுமையாக இருங்கள் என்று பிரசங்கம் செய்யத் தேவையே இல்லை.

என்னை விழ வைத்தது, எல்லோரும் சேர்ந்து ஒரே காரியத்தைச் செய்யும் குரூப் ஆக்‌ஷன். நாலு பேர் காவலாளியின் கண்ணில் படாமல் கூரை மேல் போகிறார்கள், ஆளுக்கு ஒரே பகடை, 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் பிழைத்தார்கள், அதாவது பாதிக்குப் பாதி. ஒருவர் சொதப்பினால் எல்லோரும் மாட்டுவார்கள் என்று விளையாடினால் 16இல் ஒரு தடவைதான் தப்பிப்பார்கள். இங்கே இருப்பதிலேயே நல்ல ரோல் எல்லோருக்கும் செல்லும், எனவே 16இல் ஒரு தடவைதான் மாட்டுவார்கள். அப்படியே தலைகீழ்! ஆனால் 3க்குள் உருட்டிய ஒவ்வொருவருக்கும் அந்தக் காரியத்தை முன்நின்று நடத்தும் தலைவர் 1 ஸ்ட்ரெஸ் வாங்குகிறார், தான் சொதப்பினாலும் சேர்த்து. ஓட்டைக் காலால் உடைக்கிறவனைப் பின்கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவது யார் என்பது விதியிலேயே தெரிந்துவிடுகிறது. 5ஆம் பதிப்பிலும் குழுச் சோதனை உண்டு, பாதிப் பேர் தேறினால் போதும். பரவாயில்லைதான், ஆனால் யார் யாரைத் தாங்கினார்கள் என்று அதில் தெரியாது.

நண்பனுக்கு வரும் அடியைத் தான் வாங்கிக்கொள்ளும் விதியும் அருமை. அடுத்தவருக்கு வழி அமைத்துக் கொடுக்கும் 'செட்டப்' மட்டும் பாவம், ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் ஞாபகப்படுத்தாவிட்டால் மேஜையில் யாருக்கும் தோன்றாது.

குறை இல்லாமல் இல்லை. 7, 8 கட்டம் நிறைந்த பிறகு எல்லோரும் கஞ்சனாகிவிடுகிறார்கள், உதவி ரொம்பத் தேவைப்படும் கடைசிக் கட்டத்தில் கை நீளாது. அப்புறம் குரூப் ஆக்‌ஷன் கொஞ்சம் ஓவராகவே லாபமானது, எல்லோரும் நிஜமாகவே ஒரே வேலையைச் செய்தால்தான் அனுமதி என்று கேம் மாஸ்டர் கறாராக இருக்க வேண்டும்.

அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, முதலில் அதில் டீம்வொர்க் பகுதியை மட்டும் படித்துப் பாருங்கள், அதற்குப் பிறகு புத்தகம் வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.