மாங்கனீஸ் ஜா பிளேட் வாங்குபவர்கள் கவனத்துக்கு: காந்தத்தையும் நம்பாதீர்கள், சார்ட்டையும் நம்பாதீர்கள்

கல் உடைக்கும் கிரஷருக்கு வந்த நான்கு ஜா பிளேட்டில் (கல்லைக் கடித்து நொறுக்கும் மாங்கனீஸ் ஸ்டீல் தாடைத் தகடு) இரண்டு, மாட்டிய நான்காம் நாளே குறுக்கே பிளந்துவிட்டன. 100 மி.மீ. கனம், முழு விலை. கூடவே கெமிக்கல் ரிப்போர்ட், ஹார்ட்னஸ் ரிப்போர்ட், ஃபர்னஸ் சார்ட் (உலையின் சூட்டை நேரத்தோடு பதியும் வரைபடம்) என்று காகிதத்துக்குக் குறைவே இல்லை.

உடைந்த முகம் கற்கண்டை உடைத்த மாதிரி பெரிய பெரிய மணியாகப் பளபளத்தது. இழுபட்ட தடமே கிடையாது. லேபில் ஒரு துண்டை பாலிஷ் செய்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் மணி எல்லைகள் முழுக்க கார்பைடு (கார்பன் உலோகத்தோடு சேர்ந்த, எளிதில் நொறுங்கும் சேர்மம்) வலை. கெமிக்கலில் குறையில்லை: கார்பன் 1.2%, மாங்கனீஸ் 12.6%. மோசடி நடந்தது ஹீட் ட்ரீட்மென்ட்டில்.

இந்த ஸ்டீல் அச்சில் ஆறும்போதே கார்பைடு எல்லைகளில் போய் உட்கார்ந்துவிடும். அப்படியே விட்டால் கண்ணாடி மாதிரி உடையும். 1050 டிகிரிக்கு ஏற்றி, 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் ஊறவிட்டால் கார்பைடு கரையும். வெளியே எடுத்த உடனே தண்ணீரில் இறக்க வேண்டும். ஃபர்னஸ் கதவு திறந்ததிலிருந்து தண்ணீரைத் தொடும் வரை அரை நிமிடம் போனாலே அதிகம். ஒரே ட்ரேயில் பிளேட்டை அடுக்கடுக்காக ஏற்றி ஒவ்வொன்றாகக் கிரேனில் எடுத்தால், கடைசிப் பிளேட் காற்றிலேயே பாதி ஆறியிருக்கும். தொட்டி சிறியதாக இருந்தால் தண்ணீரும் கொதிக்க ஆரம்பித்துவிடும். பிளேட்டின் நடுப்பகுதி மெதுவாக ஆறி, கரைந்த கார்பைடு திரும்பவும் வெளியே வந்துவிடும்.

இதில் எதுவும் சார்ட்டில் தெரியாது. கதவு திறந்ததோடு அதன் கதை முடிந்தது. பிளேட்டை வார்த்துத் தந்தவர்கள் அதைக்கூட ஒழுங்காகத் தரவில்லை. இரண்டு ஹீட் நம்பருக்கும் (உருக்கிய தொகுதியின் எண்) வந்த சார்ட்டில், மூன்றாம் மணி நேரத்தில் ஒரே இடத்தில் ஒரே மாதிரி ஒரு சின்னச் சரிவு. ஒன்றை ஜெராக்ஸ் எடுத்து நம்பரை மாற்றியிருக்கிறார்கள்.

கேட்டதும் முதலில் "பெரிய கல்லைப் போட்டிருப்பீங்க சார்" என்றார்கள். அப்புறம் ஆள் வந்து காந்தத்தை வைத்துக் காட்டினார்: "பாருங்க, ஒட்டல, சரக்கு சுத்தம்." இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தண்ணீரையே பார்க்காத வார்ப்பும் பெரும்பாலும் ஆஸ்டனைட் என்ற, காந்தம் இழுக்காத அமைப்புதான், அதிலும் காந்தம் ஒட்டாது. நல்ல பிளேட்டின் மேல்தோலிலோ கார்பன் எரிந்துபோயிருந்தால் லேசாக ஒட்டும். ஆக, காந்தம் எதையும் நிரூபிக்காது. ஹார்ட்னஸும் அப்படித்தான், சரியான பிளேட் 200 பிரினெல் (கடினத்தின் அளவுகோல்) அளவில்தான் இருக்கும், கல் அடிபட்டு அடிபட்டுத்தான் மேல்புறம் 500 வரை ஏறும். "எங்க பிளேட் புதுசிலேயே கெட்டி" என்று யாராவது பெருமையடித்தால் சந்தேகப்படுங்கள்.

கேட்க வேண்டியது வளைவுச் சோதனை. 13 × 19 மி.மீ. துண்டு 25 மி.மீ. உருளையைச் சுற்றி 150 டிகிரி வரை உடையாமல் வளைய வேண்டும். அந்தத் துண்டு பிளேட்டோடு ஒட்டி வார்த்து, அதே ட்ரேயில் போய் வந்ததாக இருக்கட்டும். தனியே வார்த்த மெல்லிய துண்டு எப்போதும் பாஸ் ஆகும். முடிந்தால் குவென்ச் (சூடாகத் தண்ணீரில் இறக்குவது) அன்று ஒரு ஆளை அனுப்பி, போனில் நேரம் வைத்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள்.

மீதி இரண்டு பிளேட்டை கேஸ் டார்ச்சில் சூடாக்கித் தண்ணீர் ஊற்றித் தருகிறோம் என்றார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். அரைகுறைச் சூடு கார்பைடை இன்னும் கூட்டும். விரிசல் இல்லாத பிளேட்டை முழுதாக ஃபர்னஸில் ஏற்றி மறுபடி குவென்ச் செய்யலாம், ஆனால் வேறு இடத்தில்.