நடைப்பயிற்சிக்கு ஸ்மார்ட் பேண்டு வாங்கப் போறீங்களா? எங்க அப்பாவுக்கு நடந்ததைப் படிச்சிட்டுப் போங்க

தை மாசம் அப்பாவுக்கு சுகர் ஏறியிருந்தது. தினமும் அரை மணி நேரமாவது வேகமாக நடக்கச் சொன்னார் டாக்டர். ரிச்சி தெருவில் ஒரு கடையில் 1,800 ரூபாய் கொடுத்து, கையில் கட்டுகிற பேண்டு ஒன்று வாங்கினேன். "ஸ்டெப்ஸ், ஹார்ட் பீட், பிபி எல்லாம் காட்டும் சார். ஆஸ்பத்திரி மெஷின் மாதிரியே இருக்கும்" என்றார் கடைக்காரர். பில் கேட்டேன், எஸ்டிமேட் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். வேண்டாம் என்று அப்போதே வந்திருக்க வேண்டும்.

அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பவர். மணிக்கட்டுக் கருவி கை அசைவை வைத்துத்தான் காலடியை எண்ணுகிறது. அப்படியென்றால் இவருக்குக் குறைவாகத்தானே காட்ட வேண்டும்? தினமும் பத்தாயிரம் காட்டியது. ஸ்கூட்டரில் மார்க்கெட் போய் வந்தால் அந்தக் குலுங்கலே ஆயிரக்கணக்கில் ஏறிவிடுகிறது. 10,000 ஆனதும் பேண்டு அதிரும், அப்பாவும் நடையை நிறுத்திவிடுவார். இத்தனைக்கும் அது டாக்டர் சொன்ன கணக்கே இல்லை. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு பெடோமீட்டருக்கு, அதாவது காலடி எண்ணும் கருவிக்கு, 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று பெயர் வைத்தார்கள். அங்கிருந்து பரவிய எண் அது.

காலடிக் கணக்கையாவது பொறுத்துக்கொள்ளலாம். பிபி எப்போது பார்த்தாலும் 118/78, 121/80 என்றே காட்டியிருக்கிறது. அதை நம்பி மூன்று வாரமாக பிபி மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டிருக்கிறார், எங்கள் யாரிடமும் சொல்லாமல். தலைசுற்றல் என்று கிளினிக்குக்குக் கூட்டிப்போனால் 176/104.

அன்று ராத்திரி அந்தப் பேண்டைக் கழற்றி பூரிக்கட்டையில் சுற்றினேன். பச்சை விளக்கு எரிந்தது. நாடி 74, பிபி 119/79 என்று காட்டியது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. இத்தனை நாளும் அது பிபியை அளக்கவேயில்லை, வாய்க்கு வந்த எண்ணைக் காட்டியிருக்கிறது.

மறுநாள் கடைக்குப் போனேன். "சைனா ஐட்டத்துக்கு வாரண்டி கிடையாது சார்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெட்டியில் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி எதுவும் இல்லை. சட்டப்படி இருந்தாக வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தேன். முதல் கேள்வியே பில் இருக்கிறதா என்பதுதான். அந்த எஸ்டிமேட் சீட்டில் கடையின் பெயர்கூட இல்லை.

இப்போது அப்பா இடுப்பில் மாட்டும் சாதாரண பெடோமீட்டர் வைத்திருக்கிறார். வேறு கடை, முறையான பில். வாங்கும் முன்பு அதை மாட்டிக்கொண்டு, கடை வாசலில் வாய்விட்டு எண்ணி 100 அடி நடந்தார், 98 காட்டியது. பெடோமீட்டருக்கான ஜப்பான் நாட்டுத் தர விதிப்படி நூறு அடிக்கு மூன்று வரை தவறலாம் என்பதால் வாங்கினோம். நீங்களும் வாங்கும் முன்பு இப்படி நடந்து பாருங்கள். அப்புறம் நடக்காமல் கையை மட்டும் ஆட்டி எண் ஏறுகிறதா என்று பாருங்கள், பேண்டு என்றால் ஏதாவது கட்டையில் சுற்றி பிபி காட்டுகிறதா என்றும் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. பிபியை மட்டும் தயவுசெய்து புஜத்தில் பட்டை கட்டிக் காற்றடித்து அளக்கும் மெஷினிலேயே பாருங்கள். அப்பாவுக்குத் தினமும் காலையில் நானே பார்த்துவிட்டு, முழு மாத்திரையை என் கையால் கொடுக்கிறேன்.