டை-கிளைசின் ஆன்டிபாடி: பல வருஷப் பயன்பாட்டுக்குப் பிறகு

செல்லில் மற்றப் புரதங்கள் மீது அடையாளச் சீட்டுபோல ஏறும் சிறு புரதம் யூபிக்விட்டின். அது ஏறிய புரதங்களைத் தேட எத்தனையோ கருவிகளைப் பயன்படுத்தியிருக்கிறேன். பல வருஷமாக என் ஆய்வில் நிலைத்திருப்பது டை-கிளைசின் ஆன்டிபாடிதான்.

76 அமினோ அமிலம் கொண்ட யூபிக்விட்டின், தன் வால் முனையால் இன்னொரு புரதத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தில் ஒட்டிக்கொள்கிறது. புரதத்தை வெட்டும் நொதியான டிரிப்சின் போட்டு வெட்டினால் அந்த வாலின் கடைசி இரண்டு கிளைசின்கள் மட்டும் லைசினில் மிஞ்சும். ஆன்டிபாடி பிடிப்பது இந்த மிச்சத்தைத்தான். மூலக்கூறுகளை எடைபோடும் மாஸ் ஸ்பெக்கில் (மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி) அது 114.04 டால்டன் கூடுதல் எடையாகத் தெரியும். எந்தப் புரதம் என்பதோடு நிற்காமல், எந்த லைசின் என்றே காட்டிவிடுகிறது. அல்சைமர் மூளையின் டௌ புரதத்தில் 254, 311, 353-ஆம் லைசின்களில் யூபிக்விட்டின் இருப்பதை 2006-இல் மாஸ் ஸ்பெக் காட்டியது. நோயைப் படிப்பவருக்கு இந்தத் துல்லியம் பெரிய வரம்.

ஆனால் ஆன்டிபாடி எவ்வளவு நல்லதானாலும், செல்லை உடைக்கும் முதல் சில நிமிடங்கள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. உடைத்த கணமே டியூபிக்விட்டினேஸ்கள் என்ற நொதிகள் யூபிக்விட்டினைக் கழற்ற ஆரம்பித்துவிடும். அவற்றில் பெரும்பாலானவை சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைக் கொண்டு வேலை செய்பவை. அதனால் அந்தச் சிஸ்டீனை அடைக்கும் என்-எத்தில்மாலிமைடை அன்றன்றைக்குக் கரைத்துச் சேர்க்க வேண்டும். நீரில் கரைத்து வைத்தால் வீரியம் போய்விடும், டிடிடி உள்ள பஃபரில் பயனே இல்லை, டிடிடியே அதைப் பிடித்துக்கொள்ளும். புரதங்களை எடைவாரியாகப் பிரித்து யூபிக்விட்டினைத் தேடும் வெஸ்டர்ன் பிளாட்டில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்: சேர்த்த தடத்தில் மேலே கிணறு வரைக்கும் கருத்த தீற்றல், சேர்க்காததில் அது வெளிறிப்போய், கீழே 8.5 கிலோடால்டன் அருகே தனி யூபிக்விட்டின் பட்டை தடித்து நிற்கும்.

குறைகளும் உண்டு. யூபிக்விட்டினைப் போன்ற சிறு புரதங்களான நெட்8, ஐஎஸ்ஜி15 இரண்டும் இதே மிச்சத்தை விட்டுச்செல்லும், பிரித்தறிய முடியாது. சிஸ்டீனை மூடுவதற்காகப் போடும் அயோடோஅசிட்டமைடு ஒரே லைசினில் இருமுறை ஏறினால் அதே 114.04 வரும், குளோரோஅசிட்டமைடுக்கு மாறிவிடுங்கள். வெட்டிய துண்டான பெப்டைடின் கடைசி அமினோ அமிலமாக வரும் லைசினில் டை-கிளைசின் இருப்பதாக மென்பொருள் சொன்னால் நான் நம்புவதில்லை, ஏனென்றால் யூபிக்விட்டின் ஏறிய லைசினில் டிரிப்சின் வெட்டாது.

அப்புறம் எம்ஜி132 என்ற மருந்து. அதைப் போட்டு, யூபிக்விட்டின் ஏறிய புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோமை அடைத்தால் சிக்னல் கூடும், உண்மைதான். ஆனால் நீண்ட நேரம் விட்டால் செல்லில் தனி யூபிக்விட்டின் தீர்ந்துபோய், ஹிஸ்டோன் எச்2ஏ போன்றவை தங்களிடம் இருந்ததையும் இழக்கும். அதனால் மருந்து போடாத மாதிரியையும் கூடவே ஓட்டாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

யூபிக்விட்டின்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சங்கிலியாகவும் கோக்கும்; அந்தச் சங்கிலி யூபிக்விட்டினின் 48-ஆம் லைசின் வழியா (கே48), 63-ஆம் லைசின் வழியா (கே63) என்று ஒரு குறிப்பிட்ட புரதத்துக்குக் கேட்டால் டை-கிளைசினிடம் பதில் இல்லை, டிரிப்சின் அதை ஏற்கெனவே நறுக்கிவிட்டது. அதற்கு அந்தந்த இணைப்புக்கான ஆன்டிபாடியோ, யூபிக்விட்டின் சங்கிலியைப் பிடிக்கச் செய்த செயற்கைப் புரதமான டியூபோ (TUBE) வேண்டும். டியூப், யூபிக்விட்டின் ஏறாத கூட்டாளிப் புரதங்களையும் சேர்த்து இழுத்துவரும். ஆகவே முதலில் டை-கிளைசினில் லைசினைக் கண்டுபிடித்து, பிறகு டியூபில் சங்கிலியைப் பார்ப்பதுதான் என் வரிசை.