வாழ்க்கைக் கதை பதிவுக்கு ஜூம் எச்1என் தாங்குமா?

தாத்தா பாட்டி கதைகளை அவர்கள் வீட்டிலேயே பதிவு செய்ய இந்தக் கையடக்க ஒலிப்பதிவுக் கருவி தாராளமாகப் போதும். இரண்டு ஏஏஏ பேட்டரி, 32 ஜிபி வரை மைக்ரோ எஸ்டி கார்டு, அவ்வளவுதான்.

உடல் பிளாஸ்டிக், கையில் பிடித்தால் விரல் உரசுவதெல்லாம் பதிவாகும். சின்ன டிரைபாடில் பொருத்தி, பேசுபவரின் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பதிவுத் தரத்துக்கு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் (சுருக்கப்படாத ஒலிக்கோப்பு) போதும்.

ஆட்டோ லெவலை முதலில் அணையுங்கள். பேசுபவர் தொண்டை அடைத்து நிறுத்தும்போது அது ஒலியளவை ஏற்றி, மின்விசிறி இரைச்சலைக் கொண்டுவந்து கொட்டிவிடும். கதையின் உயிரே அந்த மௌனம்தானே! திரையில் தெரியும் ஒலியின் உச்ச அளவு மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கட்டும். கிளம்பும்முன் அரை நிமிடம் வெறும் அறைச் சத்தத்தையும் பதியுங்கள். எடிட்டிங்கில் வெட்டிய இடத்தை மூட உதவும்.

எக்ஸ்எல்ஆர் மைக் (மூன்று முள் இணைப்புள்ள தொழில்முறை மைக்) மாட்ட வழியில்லை. இருவருக்குத் தனித்தனி மைக் வேண்டுமென்றால் அதே ஜூமின் பெரிய கருவியான எச்5 பக்கம் போவதே நல்லது.